தொலைநோக்கிக்கு மாட்டிய குல்லாய்

நம் நோர்பெலின் அப்பாவுக்கு, ஜூலே, வணக்கம். தங்கள் முழங்கால் வலி தணிந்ததா? நான் நலம், இவ்வூர்ப் பனிக்கு என்னிடம் சற்றுப் பயம்.

நேற்று மாலை பள்ளி வானோக்ககத்தில் வியாழனைக் காண வந்த மாணவி குன்ஸெஸ், புனித நூலை வணங்குவதுபோல் தொலைநோக்கிக் குழாயில் நெற்றியை ஒற்றினாள். உறைந்திருந்த உலோகம் தோலைக் கவ்விக்கொண்டது.

"மேடம், இது என்னை விடமாட்டேங்குது!"

"இழுக்காதே, தோல் உரிஞ்சிடும்! கும்பிட உனக்கு இதுதான் கிடைச்சுதா? அசையாம நில்லுடி."

குடுவையில் வெதுவெதுப்பாக மிஞ்சியிருந்த வெண்ணெய்த் தேநீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினேன். நெற்றி காயமின்றி விடுபட்டது.

"இப்ப வியாழனைப் பாக்கலாமா, மேடம்?" என்கிறாள்!

வணங்காதீர்கள் என்றால் இப்பிள்ளைகள் கேட்கமாட்டார்கள். ஆகவே என் கம்பளிக் குல்லாயைக் குழாய்க்கு மாட்டிவிட்டேன். எனக்குத் தங்களுடையதை அனுப்புங்கள். புதிது வாங்க வேண்டாம். இக்கடிதத்தைக் கொண்டுவரும் லாரிக்காரர் அவசரப்படுத்துகிறார். குல்லாயைத் துவைக்கவும் வேண்டாம்.

டிஸ்கித்