திலகம் என்ற பெயரில் இருவர்

நாள் 212, காலை 06:40

விண்கலம் நெய்தல். பதிபவர் வடிவுக்கரசி, பராமரிப்புப் பொறியாளர். காற்று, நீர், மின்சாரம் சீர். உறைதூக்கத்தில் பத்தொன்பது பேர். இருபதாவதாக என் மகளையும் இன்று படுக்கவைத்தேன். இனி விழித்திருப்பது நான் மட்டும்.

அவளுடைய தூக்கப் பதிவை மைய இயந்திரத்தில் சேர்த்தாயிற்று. யாருக்கு எவ்வளவு மருந்து, எந்தச் சூட்டில் எழுப்புவது எல்லாம் அவரவர் பெயரிட்ட பதிவில் இருக்கும். தூக்கப் பெட்டி அதைப் பார்த்துத்தான் வேலை செய்யும். படுக்கும் முன் உடலை அளந்து எடுப்பது அது, தூங்கியபின் புதிதாக எடுக்க முடியாது. இயந்திரம் ஆதிகாலத்து ரகம். பெயருக்கு எட்டு ஆங்கில எழுத்துதான் தரும், இடைவெளி கூடாது, எண்ணில் தொடங்கக்கூடாது. எங்கள் கேப்டன் வெங்கடசுப்பிரமணியனே அதில் வெறும் VENKATAS. எங்கள் வீட்டுத் ‘திலகம்’ மட்டும் அளவெடுத்துத் தைத்தது போல எட்டு.

மகளுக்கு என் அக்கா பெயர். அம்மா போனபின் என்னை வளர்த்தவள் அக்கா. இந்தக் கலத்தில் கீரையும் தக்காளியும் வளர்த்தவளும் அவள்தான், இப்போது அந்தப் பத்தொன்பது பேரில் ஒருத்தி. அவள் பெயரைச் சொல்லிப் பிள்ளையைத் திட்ட வாய் வருமா? அதனால் மகள் எங்களுக்குச் சிட்டு. பதிவுக்கு முழுப்பெயர்தான் வேண்டுமாம். கலத்தில் நாங்களாகவே வைத்துக்கொண்ட ஒரு வழக்கம் உண்டு: பெரியவர்களுக்குப் பெரிய எழுத்து, பிள்ளைகளுக்குச் சின்ன எழுத்து. ஒரு மரியாதைதான். அக்கா THILAGAM, மகள் thilagam. ‘சேமிக்கப்பட்டது’ என்றது இயந்திரம்.

நாள் 214, காலை 07:10

பதிவுகளை நகல் எடுக்கும் கருவி போன மாதம் படுத்தது, இன்னும் எழுந்திருக்கவில்லை. பதிவுத் தொகுப்பில் இடம் குறைந்திருந்தது. வழக்கம்போல் அழித்த பதிவுகளின் மிச்சங்களைத் துடைத்து இடத்தை நெருக்கினேன். நினைத்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இடம் கிடைத்தது. சந்தோஷப்பட்டுக்கொண்டு காபி குடித்தேன்.

நாள் 217, காலை 09:25

அக்காவின் பெட்டியில் எச்சரிக்கை. மருந்து குறைவு, நாடித்துடிப்பு ஏறுகிறது. குழாயைப் பார்த்தேன், அடைப்பில்லை. பெட்டி கேட்ட அளவு மருந்துதான் போகிறது. கேட்ட அளவே தப்பு.

தொகுப்பைத் திறந்தேன். ஒரே ஒரு THILAGAM. வயது ஆறு.

நான் பயிற்சி எடுத்த இயந்திரத்துக்குச் சின்ன எழுத்து வேறு, பெரிய எழுத்து வேறு. இது எதைத் தட்டினாலும் பெரிய எழுத்தாக்கிக்கொள்ளும். மகளின் பதிவை அக்காவின் பதிவு மேலேயே எழுதிவிட்டேன். ஐந்து நாளாக அக்காவுக்குக் குழந்தைக்கான மருந்து போகிறது. தரைக் கட்டுப்பாட்டு நிலையத்துக்குச் செய்தி அனுப்பிவிட்டேன்.

நாள் 217, பிற்பகல் 03:50

நிலையத்தின் கணினிப் பொறியாளர் புஷ்பவனத்தின் பதில்:

“வடிவு மேடம், பதறாதீங்க. அந்த மெஷின்ல மேல எழுதினாலும் பழசு உடனே அழியாது. அடியில அப்படியே கிடக்கும், தோண்டி எடுத்துரலாம். வழி அனுப்புறேன். ஒண்ணே ஒண்ணு, அதுவரைக்கும் இடத்த மட்டும் நெருக்கிராதீங்க.”

மூன்று நாள் முன்பே நெருக்கிவிட்டேன். இதை எழுதவே பத்து நிமிடம் ஆயிற்று.

நாள் 218, காலை 08:15

புஷ்பவனத்தின் இரண்டாவது செய்தி. அவர் குரலே மாறியிருந்தது:

“மேடம், சொல்லவே வாய் வரல. ஒருத்தர் இதயம் நின்னா, அவங்க பேர்ல இருக்கிற பதிவ மெஷின் தானா அழிச்சிரும். அக்காவுக்கு எதாச்சும் ஆச்சுன்னா பாப்பா பதிவும் போயிரும். அதுக்கு முன்னாடி பாப்பாவ வேற பேருக்கு மாத்திருங்க. நகல் கருவி இல்லாம ஒரு பதிவ ரெண்டாக்க முடியாது, அதனால மாத்தின அந்த நிமிஷமே அக்கா பெட்டியில மருந்தும் சூடும் நின்னுரும். முடிவு உங்க கையில.”

மாற்றாவிட்டால் அக்கா இன்னும் ஒரு நாள் இருக்கலாம். அவளுக்குரிய பதிவு இல்லாமல் பெட்டியைத் திறந்தால் அந்தக் கணமே போய்விடுவாள்.

நாள் 218, காலை 10:30

மருந்து போதாமல் அக்கா விழித்துவிட்டாள். பெட்டியின் ஒலிபெருக்கியில் அவள் குரல்:

“ஏட்டி வடிவு, என்ன இப்படிக் குளுருது? ஊரு வந்துட்டா?”

மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். முழுதும் கேட்டுக்கொண்டாள். பிறகு:

“அழாதட்டி. நானும் பெரிய எழுத்துல போடுன்னு பீத்திக்கிட்டுல்லா திரிஞ்சேன். புள்ள பேர மாத்து.”

மாட்டேன் என்று கத்தினேன். சின்ன வயதில் சாப்பிட அடம் பிடிக்கும்போது அதட்டுவாளே, அதே குரலில் அதட்டினாள்:

“மாத்துங்கேன்லா! எழுப்பும்போது மட்டும் எம் பேரச் சொல்லி எழுப்பு. கேட்டியா?”

நாள் 218, காலை 11:05

chittu என்று தட்டினேன். இயந்திரம் CHITTU என்று எழுதிக்கொண்டது. மகளின் பெட்டியைப் புதுப் பெயருக்குத் திருப்பினேன். பச்சை விளக்கு. நாடி சீர்.

அக்காவின் பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். பதினேழு நிமிடம் பேசிக்கொண்டிருந்தாள். தக்காளிக்குத் தண்ணீர் விட்டாயா என்று கேட்டாள். விட்டேன் என்றேன், விடவில்லை.

நாள் 219

இதைக் கண்டெடுப்பவருக்கு. ஆறாம் பெட்டியில் CHITTU என்று இருக்கும். நான் இல்லாவிட்டால், எழுப்பும்போது திலகம் என்று கூப்பிடுங்கள்.

தக்காளிக்குத் தண்ணீர் விட்டேன்.

அக்காவின் பெட்டியை இன்னும் அணைக்கவில்லை. அணைக்க வேண்டும் என்பதுதான் விதி. அது மணிக்கொரு தரம் THILAGAM பதிவைக் கேட்கிறது. மணிக்கொரு தரம் இயந்திரம் பதில் சொல்கிறது: அந்தப் பெயரில் யாரும் இல்லை.