ஓடைத் தீர்த்தம்

2025 பெப்ரவரி 4

ரப்பர் மரமெல்லாம் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கிறது. எங்களுக்குப் பால்வெட்டு இல்லை. பெக்டரிக்கு மட்டும் வெளியூர்ப் பால் பவுசர் லொறியில் வந்துகொண்டே இருக்கிறது. கழுவி ஊற்றுவது எல்லாம் நம்ம ஓடையில்தான். தண்ணீர் வெள்ளையாகப் போகிறது. கல் இடுக்கெல்லாம் உறைந்த ஒட்டுப்பால். நானும் லயத்தில் பக்கத்துக் காம்பரா சுப்பம்மாவும் விற்கலாம் என்று சாக்கு நிறையப் பிடுங்கினோம். ஓடையே பால் கறக்குது, இனி மரம் எதுக்கு என்று சொல்லி அவளைச் சிரிக்க வைத்தேன்.

பெப்ரவரி 9

சுப்பம்மாவுக்கு இரண்டு கையிலும் தோல் உரிகிறது. கரவனெல்ல ஆஸ்பத்திரியில் மருந்து கட்டினார்கள். பால் உறையாமல் இருக்கப் பெக்டரியில் கலக்கிற அமோனியாவாம். எனக்கு நகக்கண் எரிச்சல் மட்டும். நான் கொஞ்சமாகத்தான் பிடுங்கினேன். சோம்பேறித்தனம் காப்பாற்றியது.

பெப்ரவரி 14

தவளைச் சத்தம் இல்லை. எப்போது நின்றது? யாருக்கும் தெரியவில்லை.

பெப்ரவரி 20

லயத்து ஆட்கள் எல்லாம் ஆபீசுக்குப் போனோம். லயத்துப் பீலிக் குழாயில் வருவதும் இந்த ஓடைத் தண்ணீர்தான், குடிக்க வேறு கிடையாது என்று சிங்களத்திலேயே சொன்னேன். பால் கழுவின தண்ணீர், ஒன்றும் செய்யாது என்றார் தோட்டத்தை நடத்துகிற தொரை. பிறகு என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, பெக்டரியை மூடினால் முதலில் உனக்குத்தான் வேலை போகும் என்றாராம். பெக்டரிக் கழிவுக் குழாயைத் திறந்துவிடுவதுதான் என் வீட்டுக்காரர் வேலை.

“கொஞ்ச நாள் சும்மா இரேன், ஜீவா” என்றார் வீட்டுக்கு வந்து.

“நீங்க தொறந்துவிடுறதத்தான் நாம தேத்தண்ணி போட்டுக் குடிக்கிறோம். அதான் கைமணம்” என்றேன்.

சிரிக்கவில்லை. கோப்பையைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் ஏன் அப்படிச் சொன்னேன்?

பெப்ரவரி 27

ஓடை வளைகிற இடத்தில் தண்ணீர் ஆடை கட்டிக் கிடக்கிறது. ஒரு காகம் அதன் மேல் நடந்தது. தண்ணீர் மேல். நடுவில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது.

மார்ச் 6

கோயில் கூட்டம். திருவிழாத் தீர்த்தத்துக்குத் தெஹியோவிட்ட டவுனிலிருந்து கேனில் தண்ணீர் கொண்டுவரலாம் என்றார்கள். சுப்பம்மா கட்டுப் போட்ட கையைத் தூக்கினாள். “அம்மனுக்கு மட்டும் நல்ல தண்ணியா? நாம குடிக்கிறத அவளும் குடிக்கட்டும்.” ஓடைத் தண்ணீர்தான் என்று முடிவானது. படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எப்போதும் முதல் தீர்த்தம் வாங்குவது தொரை.

மார்ச் 14

ஓடையில் குடத்தை நிரப்பிப் பூசாரி மஞ்சள் போட்டார், எலுமிச்சைப்பழம் பிழிந்தார், வேப்பிலை செருகினார். எல்லாம் வருசா வருசம் செய்வதுதான். புளிப்பு பட்டால் பால் உறையும் என்று பால்வெட்டுகிற எங்களுக்குத் தெரியாதா? இத்தனை பேர் நின்றோம், ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

வெயில் சாயும்போது தப்பு அடித்துக்கொண்டு தொரை பங்களாவுக்குப் போய்ச் சேர்ந்தோம். தொரை சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கையைக் குவித்து நின்றார். பூசாரி குடத்தைச் சாய்த்தார். வரவில்லை. இன்னும் சாய்த்தார். தப்பு நின்றுபோனது.

பிறகு மொத்தமாக வழுக்கி விழுந்தது. மஞ்சளாக, ஆள் தலை பெரிசுக்கு. படிக்கட்டில் கிடந்து உயிர் இருக்கிற மாதிரி ஆடியது. மேலாக ஒரு நண்டுக்குஞ்சு, காலை விரித்தபடி உறைந்திருந்தது. தொரை குவித்த கையை எடுக்கவே இல்லை.

“அள்ளிக்கோங்க தொரை, அம்மன் கெட்டியாவே குடுத்திருக்கா” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. என் குரலே எனக்கு யாரோ பேசுவது போலக் கேட்டது. தொரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் தப்பு அடிக்காமல் திரும்பி வந்தோம்.

மார்ச் 17

கழிவுக் குழாய் வாயைச் சிமெந்து போட்டு அடைக்கச் சொன்னாராம் தொரை. கழிவை விட ஓடைக்குத் தள்ளி மேட்டில் குழி வெட்டுகிறார்கள். அடைத்தது என் வீட்டுக்காரர்தான். சிமெந்துக் கையோடு வந்து தேத்தண்ணீர் கேட்டார்.

ஏப்ரல் 2

வீட்டுக்காரருக்கு வேலை போகவில்லை. தண்ணீர் தெளிந்துவிட்டது. அடிக்கல் வரை தெரிகிறது. கல்லைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

ஏப்ரல் 23

நேற்று நல்ல மழை. இன்று அந்தியில் ஓடைப் பக்கம் ஒரு தவளை கத்தியது. ஒன்றே ஒன்று. கத்திவிட்டுக் காத்திருந்தது. மறுபடி கத்தியது. பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நானே பதிலுக்குக் கத்தினேன்.