தாழிடாத பக்கவாசல்

சான் அகுஸ்தின்,
ஈஸ்டர் முடிந்த செவ்வாய், 1824.

அன்புள்ள ரஃபேலா அக்காவுக்கு, உன் தங்கை அகெதா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். மரியன்னை கருணையால் நீயும் இக்னாசியோ அத்தானும் ஹவானாவில் சுகமாக இருக்க வேண்டும். நான் பள்ளியை விட்டு மூன்று வருஷம் ஆகப் போகிறது, கையெழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே. இப்போதெல்லாம் என் விரல்களுக்கு வலை முடிச்சுதான் நன்றாக வருகிறது.

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. அம்மா அவற்றைக் கையால் தொடவில்லை. ஆனால் நான் அடுப்படியில் உட்கார்ந்து எனக்கே வாசிப்பதுபோல் சத்தமாக வாசித்தேன். அம்மா சோளம் இடித்துக்கொண்டிருந்தாள். நான் வாசிக்கிற வரைக்கும் உலக்கை சத்தம் இல்லை. முடித்ததும் மறுபடி கேட்டது, முன்னைவிடப் பலமாக.

ஊரில் மாற்றங்கள் நிறைய. கோட்டையில் அமெரிக்கர் கொடி பறக்கிறது. அம்மா அதை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. "எங்கப்பா மெனோர்கா தீவிலேருந்து வந்தப்ப ஆங்கிலேயன் கொடி, நான் பொறந்து நாலஞ்சு வருஷத்துல ஸ்பெயின் கொடி, இப்ப இவனுங்க கொடி. கொடி பார்த்தா மடவை மீன் வலையில விழுது?" என்கிறாள். வடக்கே இருந்து நெஞ்சு நோய்க்காரர்கள் நம் ஊர் வெயிலைத் தேடிக் கப்பல் கப்பலாக வருகிறார்கள். நம் வீட்டுத் தெருப்பக்க அறையிலும் ஒருவர் குடியிருக்கிறார். ஹாலிஸ் என்று பெயர். அப்பா இல்லாத வீட்டில் வலைக்காசு மட்டும் போதவில்லை, அதனால் அம்மா சம்மதித்தாள்.

அவர் வந்த அன்று நீ பார்த்திருக்க வேண்டும். நம் தெருச் சுவரில் வாசல் இல்லை அல்லவா, சுவர் நெடுகத் தட்டிக்கொண்டே நடந்தார். பக்கத்துச் சந்தில் முற்றத்துக்கு ஒரு கதவு இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கடைசியில் நான்தான் போய் நின்றேன். வழக்கம்போல் எனக்குப் பேச்சு வரவில்லை, கையைக் காட்டினேன். சுவரை உடைத்துத் தெருவுக்கு ஒரு வாசல் வைத்துக்கொடுங்கள், கொத்தனார் செலவு என்னுடையது என்று பிறகு அம்மாவிடம் கேட்டார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க வாசல் எங்க இருக்குன்னு தெரிஞ்சவங்க வந்தா எனக்குப் போதும்" என்று சொல்லிவிட்டாள்.

ஆனால் ஜன்னல் விஷயத்தில் அவர் விடவில்லை. நெஞ்சுக்குக் காற்று வேண்டும் என்றார். நீ போன மறுநாள் அம்மா அந்த ஜன்னல் பலகைகளை ஆணி அடித்து மூடியது உனக்குத் தெரியாது. நான் எழுதவில்லை. நீ போனபின் வந்த இரண்டு ஈஸ்டருக்கும் நம் ஜன்னல் திறக்கவில்லை, வீடு வீடாகப் பாடிப் பலகாரம் வாங்கும் பாட்டுக்காரர்கள் நம் வீட்டைத் தாண்டும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு போனார்கள். இந்த மார்ச்சில் ஹாலிஸ் ஐயா ஆணிகளைப் பிடுங்கினார். அம்மா முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டே இருந்தாள், திரும்பவில்லை. அத்தானோடு போக நீ கழற்றிய ஜன்னல் மரக்கம்பியின் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. பலகையை மூடினாளே தவிர, கம்பியை அவள் மாற்றவே இல்லை.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை அம்மா பாலாடைக்கட்டி வைத்து ஃபொர்மஜாடா பலகாரம் சுட்டாள். மேலே சிலுவையாய்க் கீறிவிட்டாள், பாலாடை பொங்கி வழிந்து வாசனை தெரு வரைக்கும் போனது. யாருக்கு அம்மா என்று கேட்டேன். "அந்த நோயாளிக்குத்தான்" என்றாள். அக்கா, ஒரு கூடை நிறைய. அந்த மனிதர் ஒரு முட்டையைத் தின்று முடிக்கவே அரை நாள் ஆக்குகிறவர்.

இருட்டியதும் பாட்டு வந்தது. பெர்னாத் மாமா முன்னால், பலகாரச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு தோனி பின்னால். ஜன்னல் திறந்திருப்பதைப் பார்த்துவிட்டு நம் வீட்டின் முன் நின்றுவிட்டார்கள். மாதா பாட்டை முழுதாகப் பாடினார்கள். ஹாலிஸ் ஐயா ஜன்னலுக்கு வந்து கேட்டார். பாட்டு முடிந்தது. தோனி சாக்கை விரித்துப் பிடித்தான். அவர் தலைகுனிந்து வணங்கினார், அவ்வளவுதான்.

ஜன்னலைத் திறந்துவிட்டுப் பலகாரம் கொடுக்காத வீடு நம் ஊரில் உண்டா? உடனே கஞ்சனைத் திட்டும் பாட்டை எடுத்துவிட்டார்கள். அவருக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. கை தட்டினார். இன்னொரு முறை பாடுங்கள் என்று விரலைக் காட்டினார்! மறுபடி பாடினார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் கை தட்டினார். நோயாளிக்கு ஆறுதலாக ஊரே கூடி வந்து பாடுகிறது என்று நினைத்திருக்கிறார், பாவம். தெரு முழுக்க ஆள் சேர்ந்துவிட்டது. "மாமா, இவரு திட்டத் திட்டச் சந்தோஷப்படுறாரே, இந்த மாதிரி ஒரு மாமனாரு எனக்கு வாய்க்கலையே!" என்று தோனி கத்தினான். மூன்றாம் முறையும் ஆரம்பித்துவிட்டார்கள்.

அம்மா அடுப்படியில் என்மேல் பாய்ந்தாள். "நம்ம வீட்டு ஜன்னல்ல நின்னு நம்மளைக் கஞ்சன்னு பாடுறானுங்க, நீ இங்க எச்சி முழுங்கிட்டு நிக்கிறியா? எடுடி கூடையை."

எப்போதும் நீதானே ஜன்னலில் நிற்பாய், நான் உன் பாவாடைக்குப் பின்னால் நிற்பேன். இப்போது எனக்கு முன்னால் யாரும் இல்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்குள் போனேன். ஹாலிஸ் ஐயா விலகி வழி விட்டார். கம்பி இல்லாத அந்த இடைவெளியில் கையை நீட்டினேன்.

"அடடே, ஊமைச்சி வந்துட்டாடா! இத்தனை நாள் எங்கடி இருந்த? நாங்க எங்க ரஃ..." என்று பெர்னாத் மாமா தொடங்கி, சட்டென்று நிறுத்திக்கொண்டார். நம் வீட்டின் முன்னால் உன் பெயரை யாரும் சொல்வதில்லை. நான் ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே இருந்தேன், வேறென்ன செய்வது என்று தெரியாமல்.

அப்போது எனக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஏன்டா நிறுத்திட்ட? பேரைச் சொன்னா நாக்கு வெந்துடுமா? ரஃபேலா கையா இருந்தா ஆளுக்கு ரெண்டு விழும். இவ கை கஞ்சக் கை. ரெண்டு ரெண்டா போடுடி."

இரண்டிரண்டாகப் போட்டேன், அக்கா. கூடை காலியானது. அவர்கள் நன்றிப் பாட்டுப் பாடினார்கள், ஆனால் பெர்னாத் மாமாவின் குரல் சரியாக எழும்பவில்லை. திரும்பிப் பார்த்தபோது அம்மா அங்கே இல்லை. முற்றத்துக் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

அவள் கோபம் உன் கல்யாணத்தின்மேல் இல்லை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. இந்த வீட்டைக் கட்டிய ஸ்பானியக் குடும்பத்தைப் பற்றி அம்மா சொல்வாளே, நினைவிருக்கிறதா? ஆங்கிலேயர் வந்தபோது ஊரோடு கப்பலேறி ஹவானாவுக்குப் போனவர்கள். திரும்பி வருவோம் என்று சொல்லிப் பக்கவாசல் சாவியையும் கையோடு எடுத்துப் போனார்களாம். வரவே இல்லை. அதனால்தான் அந்தக் கதவுக்கு இன்றும் வெறும் தாழ்ப்பாள். "ஹவானாவுக்குப் போனவங்க திரும்ப மாட்டாங்க" என்று ஊரில் எல்லாரும் சும்மா சொல்வதை, நீ போனதிலிருந்து அம்மா மட்டும் சொல்வதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில மாதங்களாக அந்தத் தாழ்ப்பாளைப் போட அம்மா விடுவதில்லை. காற்றுக்குத் திறந்து கிடக்கட்டும் என்கிறாள். தெருப் பன்றிகள் உள்ளே வந்து மிளகாய்ப் பாத்தியைக் கிளறிவிட்டுப் போயின. புளிப்பு ஆரஞ்சுக் கன்று ஒன்றும் போயிற்று. அப்போதும் தாழிட விடவில்லை. கதவு கிறீச்சிடும் சத்தம் கேட்டால் முதலில் எட்டிப் பார்க்கிறாள். பிறகுதான் விளக்குமாற்றை எடுக்கிறாள்.

நேற்று வலையைப் பார்த்துக்கொண்டே, பெர்னாத் மாமாவின் சிநேகிதர் கப்பல் எப்போது கிளம்புகிறது என்று என்னிடம் கேட்டாள். வியாழக்கிழமை என்றேன். தலையை ஆட்டினாள். இந்தக் கடிதம் அந்தக் கப்பலில்தான் வருகிறது.

அத்தானுக்கு அங்கே வேலை, உங்களுக்கு என்னென்ன கஷ்டமோ, எனக்குத் தெரியாது. பத்து நாள் இருந்துவிட்டுப் போனாலும் போதும். போகும்போது நீ ஜன்னல் வழியாகப் போனாய். வரும்போது பக்கவாசல் வழியாக வா அக்கா. காலை நேரமாகப் பார்த்து வா, அம்மா அப்போது முற்றத்தில்தான் இருப்பாள். கதவை மெல்லத் திறக்காதே. நன்றாகக் கிறீச்சிடட்டும்.

கடலும் காற்றும் உனக்கு நல்லபடியாக இருக்க தினமும் ஜெபிக்கும்,
உன் தங்கை,
அகெதா