முன்னாடி உட்காருகிறவள்

ஏப்ரல் 3, வியாழன்

இன்று முழுக்க நெஞ்சு எக்ஸ்ரேதான். ‘மூச்சை இழுங்க, அடக்குங்க, விடுங்க’ என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. ஆனாலும் மனசு நன்றாக இருக்கிறது. கிளப்பில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாய்ப்படகு சொல்லிக்கொடுக்கிற டீச்சர் வேலைக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டேன். இருந்தவர் ஊரைவிட்டுப் போகிறார். வேறு யாரும் கேட்கவில்லையாம்.

கல்யாணமானதிலிருந்து இவர் படகில் முன்னாடி உட்காருகிறவள் நான். சுக்கான் இவர் கையில். ‘இழு’ என்றால் முன்பாயின் கயிற்றை இழுக்க வேண்டும், ‘விடு’ என்றால் விட வேண்டும், தோற்றால் திட்டு வாங்க வேண்டும். யாரையும் திட்டாமலும் இதைச் சொல்லிக்கொடுக்கலாம் என்று ஒருதடவை காட்டிவிட வேண்டும் எனக்கு. இந்த வயசில் இவ்வளவு ஆசைப்பட்டு நான் எதையும் கேட்டதில்லை.

இவரும் கேப்டன் பதவிக்கு நிற்கிறார். அடுத்த மாசம் பொதுக்கூட்டம். இப்போதே கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்க்கிறார். பல் தேய்க்கக்கூட இடம் கிடைப்பதில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

 எழுதினால்தான் மனசு அடங்கும்.

காலையில் போட்டிக்காகப் படகை ஆற்றில் இறக்கும்போது இவர் நங்கூரத்தையும் துடுப்பையும் தூக்கிக்கொண்டு போய் கார் டிக்கியில் வைத்தார். "இவ்வளவு கனத்தைச் சுமந்துக்கிட்டு எவன் ஜெயிப்பான்?" நான் சொன்னேன், சட்டம் இருக்கு, எல்லாப் படகிலும் இருக்கணும்னு. "காத்தைப் பாரு, எப்படி அடிக்குது. ரெண்டு மணி நேரத்துல வந்துடுவோம். ஆரம்பிக்காதே." ஆரம்பிக்கவில்லை.

இரண்டாவது சுற்றில் காற்று பொட்டென்று நின்றது. பாய் துவண்டுவிட்டது. அப்படியொரு நிசப்தம். மற்ற படகுகள் எல்லாம் கரையோரமாக நங்கூரத்தைப் போட்டு நின்றுவிட்டன. சிலர் பிளாஸ்கைத் திறந்து டீ குடித்தார்கள். நாங்கள் மட்டும் நீரோட்டத்தில் பின்னால் போய்க்கொண்டிருந்தோம், நேராகச் சரக்குப் படகுகள் போகிற நடு ஆற்றுக்கு. மணல் ஏற்றிய படகு ஒன்று வளைவில் திரும்பி வருகிறது. ஹாரன் அடிக்கிறான், அடிக்கிறான். அவ்வளவு பெரிய படகை அவன் எப்படி நிறுத்துவான்?

அப்போதுதான் கத்தினேன். "நங்கூரத்தை ஏன் எடுத்தீங்க? காலையிலயே சொன்னேனே! கார்ல வெச்சுட்டு வந்தா இங்க எதைப் போடறது?" இவர் முகத்தில் ஈயாடவில்லை. நான் கையாலேயே தண்ணீரைத் தள்ளினேன்.

அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்த ஃபெர்ரிதான் நின்று கயிறு வீசியது. அந்த மணல் படகின் பக்கவாட்டில் தொங்கிய டயர்களை நான் எட்டித் தொட்டிருக்கலாம். ஃபெர்ரிக்காரர், "சாகறதுக்கு வேற இடம் கிடைக்கலையா உங்களுக்கு?" என்று கத்தினார். நியாயமான கேள்வி.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. படகுத்துறைக்கு வந்ததும் கிளப் தலைவர் (தூங்கும்போதும் கழற்றமாட்டார் போல, எங்களுக்குள் அவர் பெயர் ‘தொப்பி’) கேட்டார், "நங்கூரம் எங்கே?" நான் வாயைத் திறப்பதற்குள் இவர் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சொல்கிறார்: "இவ எடுத்து வைக்க மறந்துட்டா. விடுங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகலையே."

என்ன பெருந்தன்மை! எல்லாரும் சிரித்தார்கள். நான் ஈரத்தோடு, பல் கிட்டிப்போய் நிற்கிறேன். ஒரு வார்த்தை வரவில்லை. ஏன் வரவில்லை?

ஏப்ரல் 7, திங்கள்

கேட்டேன். சமையலறையில், கதவைச் சாத்திவிட்டு.

"கேப்டனுக்கு நிக்கறவன் நங்கூரத்தை இறக்கி வெச்சுட்டுப் போனான்னு தெரிஞ்சா எவன் ஓட்டுப் போடுவான்? உனக்கு என்ன நஷ்டம் இதுல? நீயா எலெக்‌ஷன்ல நிக்கறே?"

இப்படிக் கேட்டுவிட்டு, டீயில் சர்க்கரை போதவில்லை என்றார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பேசவில்லை. அவருக்கு அது தெரிந்ததாகவும் தெரியவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

எனக்கு என்ன நஷ்டம் என்று இன்று தெரிந்துவிட்டது. தொப்பி போன் செய்தார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நங்கூரம் வைக்க மறக்கறவங்க கையில பிள்ளைங்களை எப்படி ஒப்படைக்கறது? பெத்தவங்க கேப்பாங்க இல்லையா?" டீச்சர் வேலை எனக்கு இல்லை. ஆள் கிடைக்கிறவரை வகுப்பே கிடையாதாம்.

எக்ஸ்ரே அறைக்குள் போய் விளக்கை அணைத்துவிட்டு நின்றேன். வெளியே ஒரு தாத்தா கையை ஒடித்துக்கொண்டு காத்திருந்தார். அவரையாவது நேராகப் படம் பிடிக்க வேண்டுமே என்று முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். இவர் செய்தி பார்த்துக்கொண்டே, "அட, அவ்வளவுதானே? நான் கேப்டன் ஆனதும் உன்னைப் போட்டுடறேன்" என்கிறார். போட்டுடுவாராம்! என் தலையில மிளகா அரைக்கறதுக்கு இவனுக்கு எவ்வளவு தைரியம். திருடறதும் இவன், தானம் பண்றதும் இவன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

படகில் ஏறமாட்டேன் என்றுவிட்டேன். ஆனால் கிளப்புக்குப் போனேன், தொப்பியைப் பார்க்க. வாசலிலேயே எங்களோடு படகு விடுகிற பல் டாக்டர்: "வாங்க வாங்க, நங்கூர மேடம்! இன்னிக்கு எதை மறந்தீங்க?" இனி என் பெயர் அதுதான் போல.

தொப்பியிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "கோபத்துல பேசறீங்கம்மா. அவர் அன்னிக்கு உங்களை எவ்வளவு விட்டுக்கொடுக்காம பேசினாரு! இந்தக் காலத்துல எந்தப் புருஷன் அப்படி?" என்கிறார்.

உண்மையைச் சொன்னால் கோபக்காரி. பொய் சொன்னவன் உத்தமன். தலையை எங்கே முட்டிக்கொள்வது?

ஏப்ரல் 16, புதன்

இரவுச் சாப்பாடு. இவர் ஏதோ பேச்சில், "நீ அன்னிக்கு நங்கூரத்தை மறந்தப்போ..." என்று ஆரம்பித்தார். வீட்டுக்குள்ளேயே! எனக்கும் மகளுக்கும் முன்னாலேயே! அவரே அதை நம்ப ஆரம்பித்துவிட்டார்.

மகள் ஸ்பூனைத் தட்டில் வைத்தாள். "அப்பா, போதும். அம்மா கத்தினது எங்க படகு வரைக்கும் கேட்டுது." அவள் தன் அத்தை படகில், அதாவது என் நாத்தனார் படகில் முன்னாடி உட்காருகிறவள். "காத்தே இல்லை. தண்ணி மேல ஒவ்வொரு வார்த்தையும் தெளிவா வந்துது. எல்லாருக்கும் கேட்டுது. பல் டாக்டர், ‘நங்கூரத்தைக் கார்லயா வெச்சிருக்கான்!’னு விழுந்து விழுந்து சிரிச்சாரு."

இவர் எழுந்து போய்விட்டார். நான் உட்கார்ந்திருந்தேன்.

எல்லாருக்கும் கேட்டிருக்கு. அத்தனை படகும் கரையோரம் வரிசையா நின்னு, டீ குடிச்சுக்கிட்டு, காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்டிருக்கு. அதுக்கப்புறம் துறையில வந்து நின்னு, ‘இவ மறந்துட்டா’ன்னதும் சிரிச்சிருக்காங்க. பொய்யை நம்பிச் சிரிக்கலை. பொய்னு தெரிஞ்சே சிரிச்சிருக்காங்க.

"நீயும் சிரிச்சியா?" என்று மகளிடம் கேட்டேன்.

"எல்லாரும் சிரிச்சாங்கம்மா... எனக்கு என்ன பண்றதுன்னு தெரியலை."

அவள் அழுதாள். சமாதானப்படுத்த என்னால் முடியவில்லை. நாளைக்குப் பார்க்கலாம்.

ஏப்ரல் 19, சனி

நாத்தனார் வீட்டுக்குப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து மடித்தேன். நேராகக் கேட்டேன்.

"கேட்டுச்சு அண்ணி. இல்லைன்னு சொல்லலை." ஒரு சட்டைக் காலரை நீவி நீவிச் சரிசெய்தாள். "புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். அதுல நான் எதுக்கு மூக்கை நுழைக்கணும்? அவன் எனக்கு அண்ணன் வேற."

"நான் உனக்கு யாரு?"

அடுத்த சட்டையை எடுத்து மடித்தாள். எங்கள் வீட்டில் கல்லுளிமங்கன் ஒருத்தன்தான் என்று நினைத்திருந்தேன், பரம்பரையே அப்படித்தான் போலிருக்கிறது. மடித்த துணியையெல்லாம் உதறிப் போட்டுவிட்டு வரவேண்டும்போல் கை பரபரத்தது. மடித்துவிட்டுத்தான் வந்தேன். அதுவும் இப்போது எரிச்சலாக இருக்கிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

மகளின் தலைமுடியைப் பின்னிவிட்டேன். சரியாகிவிட்டது என்றே நினைக்கிறேன்.

மே 4, ஞாயிறு

பொதுக்கூட்டம். கேப்டன் பதவிக்கு இவர் பெயர் வந்தது. "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று தொப்பி வழக்கம்போல் கேட்டுவிட்டு, வழக்கம்போல் அடுத்த பக்கத்தைத் திருப்பப் போனார். நான் எழுந்தேன். குரல் பிசகவில்லை.

"ஒரே ஒரு கேள்வி. அன்னிக்கு ஆத்துல நான் கத்தினது யாருக்கெல்லாம் கேட்டுதோ, தயவுசெஞ்சு கை தூக்குங்க."

மின்விசிறிச் சத்தம் மட்டும். பல் டாக்டர் தன் நகத்தைப் பார்த்தார். நாத்தனார் கைப்பைக்குள் எதையோ தேடினாள், தேடிக்கொண்டே இருந்தாள். இவர் மேடையில், குனிந்த தலை நிமிரவில்லை.

கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. என் மகள்.

தொப்பி செருமிக்கொண்டு, "பதினெட்டு வயசு ஆகாதவங்க கையைக் கணக்குல எடுக்க முடியாதும்மா" என்றார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவு நேரம் பிடித்து வைத்திருந்த மூச்சை விட ஒரு சாக்குக் கிடைத்ததும் கூட்டமே சிரித்தது. இவர் ஏகமனதாகத் தேர்வு.

த்தூ.

மகள் கையை இறக்கவே இல்லை. நான் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மே 6, செவ்வாய்

கேப்டன் கிளப்பிலிருந்து வந்தார். முகமெல்லாம் பல். "உன் வேலையை முடிச்சுட்டேன். கமிட்டியில பேசிட்டேன். ‘ஒரு தடவை தப்பு பண்ணினவங்க, மன்னிச்சு விட்டுடலாம்’னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. வர்ற ஞாயித்துக்கிழமையிலிருந்து நீதான் டீச்சர்."

மன்னிச்சுட்டாங்களாம். என்னை!

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இங்கேயாவது: ஒரு நொடி எனக்கு ஆசை வந்தது. அந்தக் குட்டிப் படகுகள், பெரிய லைஃப் ஜாக்கெட்டுக்குள் தொலைந்துபோன பிள்ளைகள். வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினால் போதும்.

"செய்யாத தப்புக்கு மன்னிப்பு எனக்கு வேண்டாம். நீங்க போய், நான்தான் எடுத்தேன்னு சொல்லுங்க. அப்புறம் அந்த வேலையைக் கொடுக்கட்டும், வாங்கிக்கறேன்."

"இவ்வளவு பண்ணியும் உனக்கு நன்றின்னு ஒண்ணு இல்லையே" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. அழுகையைப் பார்த்துப் பயப்படாதவர் இதைப் பார்த்துப் பயந்துபோய் அறையைவிட்டுப் போனார்.

மே 10, சனி

ஃபெர்ரி பிடித்து அக்கரைக்குப் போனேன். அங்கே ஒரு சின்ன கிளப் இருக்கிறது. தகரக் கொட்டகை, ஒட்டுப் போட்ட பாய்கள். எங்கள் ஆட்களுக்கு அது கிள்ளுக்கீரை. நடத்துகிற அம்மா கட்டையாக, வெடுக்கென்று பேசுகிறவர். படகின் அடியைச் சுரண்டிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எதிர்க்கரையில நங்கூரத்தை மறந்தவங்க நீங்கதானா?"

கதை ஆறு தாண்டியும் வந்திருக்கிறது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"நான் மறக்கலை. என் புருஷன் வேணும்னே எடுத்துக் கார்ல வெச்சார். வேண்டாம்னு சொன்னேன், கேக்கலை. ஆனா தெரிஞ்சும் நான் படகுல ஏறினேன். அந்தத் தப்பு மட்டும் என்னுது. இனிமே ஏறமாட்டேன், பிள்ளைங்களையும் ஏத்தமாட்டேன்."

அவர் சுரண்டுவதை நிறுத்தினார். "ஞாயித்துக்கிழமை சீக்கிரம் எந்திரிப்பீங்களா? பசங்க விடியறதுக்குள்ள வந்து நிக்கும்."

மே 18, ஞாயிறு

முதல் வகுப்பு. ஒரு பயல் அழுதான். ஒருத்தி படகைவிட்டு இறங்கமாட்டேன் என்று பாய்மரத்தைக் கட்டிக்கொண்டாள். ஒரு குட்டிக்கு இடம் வலம் தெரியவில்லை. நான் யாரையும் திட்டவில்லை. தொண்டை கட்டிவிட்டது, சந்தோஷத்தில்.

மே 25, ஞாயிறு

இவர் கிளப்பில் புது சீசனின் முதல் போட்டி. காலையில் நான் கிளம்பும்போது இவர் கேப்டன் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். "இன்னிக்கு எனக்கு முன்னாடி யார் உக்கார்றது?"

"கிளப்ல அத்தனை பேரும் உங்க சிநேகிதங்கதானே. கேட்டுப் பாருங்க."

நான் மத்தியானம் திரும்பி வந்தபோது கார் வாசலில் நின்றது. போட்டி முடிய இன்னும் நேரமிருந்தது. இவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார், கேப்டன் சட்டையோடு.

"என்னமோ போ, இன்னிக்கு ஒருத்தனுக்கும் ஒழியலை. பல் டாக்டருக்கு இடுப்புப் பிடிச்சுக்கிச்சாம். தொப்பிக்கு ரத்த அழுத்தமாம். அந்தப் புதுப் பையன் இருக்கானே, அவன் பொண்டாட்டி வேண்டாங்கறாளாம். என் தங்கச்சிகிட்ட, உன் வீட்டுக்காரரை அனுப்புன்னேன். அவருக்கு நீச்சல் மறந்துடுச்சாம்!"

நான் தண்ணீர் குடித்தேன். அத்தனை பேருக்கும் கேட்டுத்தானே இருந்தது. எனக்காக ஒரு விரலைத் தூக்காதவர்கள், தங்கள் உயிர் என்றதும் எவ்வளவு தெளிவு! கோபம் வந்தது. அதற்கு நடுவே, இந்த ஆளுக்கு இன்னும் விஷயம் புரியவில்லையே என்றும் இருந்தது.

பிறகு, அவர் முகத்தைப் பார்த்தேன். புரிந்திருந்தது.

"அடுத்த வாரமாவது வர்றியா?" மெதுவாகத்தான் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு க்ளாஸ் இருக்கு."

சரி என்று தலையை ஆட்டிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். சட்டையைக் கழற்றி, பழக்கதோஷத்தில் ஒரு உதறு உதறிக் கொடியில் போட்டார். அதில் சொட்டு ஈரம் இல்லை.