அக்காவின் காலுக்கு வராத சூடு

அக்கா,

இன்று காலை மடுல்சீமையில் முன்னால் போகிற ஆள் தெரியாத அளவுக்குப் பனி. சாந்தியைக் கிளினிக்குக் கூட்டிப் போக ஜீப்பை எடுத்தேன். நம் தோட்டத்து லய வரிசையின் கடைசிக் காம்பரா வீட்டில் இருக்கிறாளே, அதே சாந்திதான். இப்போது இரண்டாவது பிள்ளை. கோயில் முடக்கு வளைவைத் தாண்டியதும் சூட்டுக் காற்றைத் திறந்துவிட்டேன். முதலில் தூசி கருகுகிற வாசம் வந்தது. கொஞ்ச நேரத்தில், இடப்பக்கக் கால்மிதி சூடாகச் சூடாக, உன் தைலத்தின் வாசம் எழும்பியது.

"என்னண்ணே, யாரோ தைலம் தேச்ச மாதிரி இருக்கு?" என்றாள் சாந்தி.

"பழைய வண்டி. எல்லா வாசமும் வரும்" என்று சொல்லிச் சமாளித்தேன். காலில் தைலம் தேய்த்துவிட்டு விரலை அந்த மிதியில்தானே துடைப்பாய். எத்தனை தரம் கழுவினாலும் போகவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த ஓரத்தை நான் அழுத்தித் தேய்ப்பதும் இல்லை.

இந்த ஜீப்பை வாங்கி வந்த அன்றே உனக்கு அதைப் பிடிக்கவில்லை. பண்டாரவளையில் ஒரு ஐயா வெளிநாடு போகும்போது விற்றது. ஆறு சிலிண்டர் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். நீ தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அதைச் சுற்றி வந்தாய். "ஆறு வாயாடா இதுக்கு? ஒரு வாய்க்கே ஒன்னால போட முடியல" என்றாய். அன்றிலிருந்து உனக்கு அது 'குடிகாரப் பய'. குடிகாரப் பய வந்துட்டானா, குடிகாரப் பய எங்க கெடக்கான் என்றுதான் கேட்பாய். லயத்துப் பிள்ளைகளுக்கும் அதுவே பெயராகிப் போனது.

ஒரு தீபாவளிக்கு முந்தின நாள், கூரை மேல் சாமான், உள்ளே பத்துப் பேர் என்று ஏற்றிக்கொண்டு பசறையிலிருந்து ஏறும்போது எஞ்சின் கொதித்து ஆவி கக்கியது. மற்ற டிரைவர்மார் எல்லாரும் ஒரே வைத்தியம்தான் சொன்னார்கள். எஞ்சின் சூடாகும் வரைக்கும் தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் மறித்து நிற்கும் ஒரு சின்ன வால்வு இருக்கிறது, தெர்மோஸ்டாட் என்பார்கள். "அதக் கழட்டி வீசு, நம்ம ரோட்டுக்கு அது தேவையே இல்ல." மலையில் பாதி வண்டிகளில் அது கிடையாது. நானும் லயத்து வாசலில் வைத்துக் கழற்றித் தேயிலைச் செடிக்குள் வீசினேன். அன்றைக்குப் பால் ஊற்றாத பிளேன்டீ கொண்டு வந்து தந்தது நீதான். பிறகு வண்டி கொதிக்கவே இல்லை. பெரிய மெக்கானிக் மாதிரி நான் அடித்த தம்பட்டம் கொஞ்சமா!

அப்புறம் உனக்கு அந்த வருத்தம் வந்தது. இரண்டு கிட்னியும் போய்விட்டன என்றார்கள். செவ்வாயும் சனியும் பதுளை ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும், ஒரு நாளும் தவறக்கூடாது என்றார்கள். அடுத்த வருடமே பெட்ரோலும் இல்லாமல் போனது. பஸ் நின்றுவிட்டது. பெட்ரோல் செட்டில் கியூஆர் அட்டையைக் காட்டினால் ஒரு கிழமைக்கு, ஏழு நாளைக்கு, ஓரளவுதான் அடிப்பார்கள். குடிகாரப் பயலுக்கு அது ஒரு பயணத்துக்குத்தான் காணும். இரண்டாவது பயணத்துக்குப் பசறை தாண்டும்போதே பெட்ரோல் முள் அடியில் படுத்துவிடும். ஒரு செவ்வாய்க்கிழமை கடன் வாங்கின போத்தல் பெட்ரோலில் உன்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

அந்த நாட்களில் நான் ஒரு மனுசனாகவே இல்லை, அக்கா. பாரம் குறைந்தால் பெட்ரோல் குறையும் என்று எவனோ சொன்னான். கூரைக் கேரியரைக் கழற்றினேன். முன்னால் இருந்த இரும்புக் காவலைக் கழற்றினேன். பின் சீட்டைக் கழற்றி வாசலில் போட்டேன். கோழி அதில் முட்டையிட்டது. டயருக்குக் காற்றடித்தேன், பிளக்கைச் சுரண்டினேன், ஏர் பில்டரைத் தட்டித் தட்டித் துடைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் பெடலை மிதித்தேன். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் மிச்சம் பிடித்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டாவது பயணத்துக்குக் காணவில்லை. நீ வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அடுத்தது என்னையத்தான் எறக்கி விடுவ போல" என்று சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. எரிந்து விழுந்தேன்.

இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டுச் சும்மா உருட்டினால் மிச்சம் என்று அதையும் செய்தேன். ஒரு நாள் பிரேக் கருகி, பசறைக்கு மேலே அந்தப் பெரிய முடக்கில் வண்டி மண் கரையில் போய் உரசி நின்றது. நீ கம்பளியை இழுத்து மூடிக்கொண்டு, "பெட்ரோல் இல்லாமச் செத்தாலும் பரவால்லடா, பெட்ரோல மிச்சம் புடிச்சு சாக மாட்டேன்" என்றாய். அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது.

இதையெல்லாம் விட ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உனக்கு எந்நேரமும் குளிர். இரத்தம் குறைந்த உடம்பு. விடியக் கிளம்பும்போது கம்பளிக்குள் உன் பற்கள் கிட்டிக்கொள்ளும். "தம்பி, அந்தச் சூட்டுக் காத்தக் கொஞ்சம் போடேன்" என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டாய். "அது பெட்ரோலக் குடிக்கும்க்கா. ஆஸ்பத்திரிக்குப் போகணுமா, குளுரு காயணுமா?" என்று கேட்டுவிட்டேன். ஏசி பெட்ரோல் இழுக்கும் என்று தெரியும். இதுவும் அப்படித்தான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. அதன் பிறகு நீ தைலப் போத்தலை எடுத்து வைத்துக்கொண்டாய்.

பிறகு அந்தக் கிழமை. திங்கட்கிழமை அந்தியில், "நாளைக்கு வர வேணாமாம்டா. சனிக்கெழம மட்டும் வந்தாப் போதும்னு நர்ஸம்மா சொன்னாங்க" என்றாய். நான் சரி என்றேன். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

சனிக்கிழமை விடியக் கதவைத் தட்டினால், படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாய். மூச்சு இழுக்கிறது. தூக்கித்தான் வண்டியில் வைத்தேன். ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸ் என்னைப் பிடித்துக்கொண்டார். "செவ்வாய்க்கிழமை ஏன் கூட்டிட்டு வரல? உயிரோட விளையாடுறீங்களா?"  மத்தியானம் உனக்கு மூச்சு சீரானதும் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். "ஏன் பொய் சொன்ன?"

"சாந்திக்கு நாள் நெருங்கிருச்சுல்ல. டாங்கியில சொட்டு இல்லாம வச்சுக்கிட்டு, அந்தப் புள்ளைக்கு வலி வந்தா தோள்லயா தூக்கிட்டு வருவ?"

"அதுக்காக நீ சாகணுமா?"

"கத்தாதடா, ஆஸ்பத்திரி. அவகிட்ட மட்டும் சொல்லிறாத. வாழ்நாளு பூரா மனசுல வச்சுக்கிட்டு இருப்பா, பாவம்."

திரும்பும்போது நீ உதறிக்கொண்டிருந்தாய். எனக்கு வெட்கமாக இருந்தது. பெட்ரோல் போனால் போகட்டும் என்று முதல் தடவையாகச் சூட்டுக் காற்றைத் திறந்தேன். விசிறி ஊதியது. ஜில்லென்று வந்தது. நீ காலை இழுத்துக்கொண்டு, "இது என்னடா, வெளிய அடிக்கிற காத்துதானே உள்ள வருது" என்றாய். பிறகு டேஷ்போர்டைக் காட்டினாய். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள், குளிர்ந்த பக்கத்திலேயே கிடந்தது. "ரொம்ப நாளாப் பாக்குறேன், இந்த முள்ளு எந்திரிக்கவே மாட்டேங்குது. அடுப்பே பத்தல, அப்புறம் எப்படிடா சூடு வரும்? பத்தாத அடுப்புதானே வெறகு தின்னும்?"

நான் வண்டியை அப்படியே நிறுத்தினேன். இருபது வருசம் ஸ்டீரிங் பிடித்தவன் நான். நீ ஒரு நாளும் பானட்டைத் திறந்து பார்த்ததில்லை. திருப்பிக்கொண்டு பதுளை டவுனில் ரஹீம் நாநாவின் கராஜுக்கே போனேன். நாநா பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், கரி. அந்த வால்வு இருக்க வேண்டிய ஹவுசிங்கைத் திறந்தார்; உள்ளே வெறும் ஓட்டை.

"இத யாரு கழட்டின?"

"நான்தான் நாநா. ஏத்தத்துல கொதிச்சிச்சு."

"ரேடியேட்டர் பூரா மண்ணும் சருகும் அடைச்சிக் கெடக்கு, கொதிக்காம என்ன செய்யும்? அதக் கழுவாம இதக் கழட்டின? குளுரு ஊருல இது இல்லாட்டி எஞ்சின் சூடே ஆகாது. இன்னும் ஸ்டார்ட் எடுத்தபடியே இருக்கோம்னு நெனைச்சிக்கிட்டு பெட்ரோல அள்ளி ஊத்தும். மடுல்சீமையிலிருந்து பதுளை வரைக்கும் ஊத்தும்."

நீ சீட்டில் இருந்தபடியே தலையை நீட்டிக் கேட்டாய். "நாநா, இந்தச் சூட்டுக் காத்தப் போட்டா பெட்ரோல் கூடக் குடிக்குமா?"

"இல்லம்மா. அது எஞ்சின் வெளிய வீசுற சூடு. போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான்."

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது எனக்கு.  நாநா ரேடியேட்டரைக் கழுவிவிட்டு, ஒரு பழைய வண்டியிலிருந்து கழற்றி வைத்திருந்த வால்வைத் தேடி எடுத்து, கொதிக்கிற கேத்தலில் போட்டு, அது திறக்கிறதா என்று குனிந்து பார்த்தார். "முட்டை அவிக்கிறீங்களா நாநா?" என்று கேட்டாய், அவ்வளவுதான். போகும்போது நாநா இன்னொன்றும் சொன்னார். இறக்கத்தில் கியரிலேயே விட்டுக் காலை எடுத்தால் போதும், எஞ்சினே வண்டியைப் பிடிக்கும், பெட்ரோலும் போகாது. அதையும் நான் தலைகீழாகத்தான் செய்திருக்கிறேன்.

பசறையில் வழக்கம் போல பிளேன்டீக்கு நிறுத்தினோம். தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும் என்று உனக்குக் கட்டளை. முப்பது வருசம் கொழுந்து பறித்தவளுக்கு இரண்டு மடக்குத் தேத்தண்ணி. குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டினாய். அப்போதுதான் என் பக்கம் திரும்பினாய். "ஏண்டா கூறுகெட்டவனே, ஓசியில கெடச்ச சூட்ட ரோட்டுல வுட்டுட்டு, இத்தன மாசமா என்னைய வெறைக்க வச்சிருக்கியேடா!" சொல்லிவிட்டு இருமல் வரும் வரை சிரித்தாய். நான் கோப்பையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். "சீ, கண்ணத் தொடச்சிக்க. டீயில உப்பு வுழுந்துரும்" என்றாய்.

அடுத்த செவ்வாய், பசறைக்கு வருவதற்குள் முள் மெல்ல எழும்பி நடுவில் வந்து நின்றது. நீ கைதட்டினாய். காலை நீட்டி, கம்பளியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, பதுளை வரை தூங்கினாய். அந்தக் கிழமை இரண்டு தரமும் போய் வந்து டாங்கியில் கொஞ்சம் மிச்சமும் இருந்தது. அந்த மிச்சத்தில்தான் சாந்தியைக் கொண்டு போனோம். பெண் பிள்ளை. நீதான் முதலில் தூக்கினாய். அதற்குப் பிறகு ஒரு நாளும் நீ தவறவில்லை. பெட்ரோல் தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்து, கேரியரைக்கூட நான் திரும்பப் பூட்டின பிறகுதான், ஒரு மார்கழியில் நீ போனாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில், தூக்கத்தில். வண்டி போகாத குறையால் இல்லை. அந்த மட்டில் கடவுள் என்னைக் காப்பாற்றினார்.

ஆனால் ஒன்றை உன்னிடம் சொல்லவே இல்லை. அந்தத் திங்கட்கிழமை அந்தியில் நீ பொய் சொன்னபோது உன் கால்களைப் பார்த்தேன். செருப்புக்குள் போகாத அளவுக்கு நீர் கோத்து வீங்கியிருந்தன. நீ சொன்னது பொய் என்று எனக்குத் தெரிந்தது, அக்கா. தெரிந்தும் சரி என்றேன். டாங்கியில் இருந்தது எவ்வளவு என்று அப்போது என் மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. நீ சிரித்து மன்னித்தது சூட்டுக் காற்றுக்காக மட்டும்தான். இதை நீ கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று தெரியவில்லை. வைதிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

சாந்தியிடம் இன்றுவரை சொல்லவில்லை. இன்று பசறை வரும்போது முள் நடுவில் நின்றது. காற்று வரும் வாயை இடப்பக்கம் திருப்பிவிட்டேன். அவளுக்கும் பாதம் லேசாக வீங்கியிருந்தது. கிளினிக்கில் மறக்காமல் காட்டச் சொன்னேன். "நீங்க ஒராளுதாண்ணே, ஏறினதும் மொதல்ல காலப் பாக்குறீங்க" என்று சிரித்தாள். உண்மைதான். இப்போதெல்லாம் அந்த சீட்டில் யார் ஏறினாலும், "காலு குளுருதாங்க?" என்று கேட்டு, குனிந்து பார்த்துவிட்டுத்தான் கியர் போடுகிறேன்.

உன்னிடம் ஒரு நாளும் கேட்கவில்லை.