பொம்பளைங்க நேரம்

ஜூன் 3, செவ்வாய்

விடிய முன்னேயே மழை. குடைக் கம்பி போச்சு. சரி பண்ணக் குடுக்கணும்.

ஜிம்முல மூணாவது வாரம். ஹட்டன் டவுன்ல, ஹார்ட்வெயார் கடைக்கு மேல. பொம்பளைங்க நேரம் காலைல ஆறுலருந்து ஏழு. மொத்தமே நாலு பேர். மாஸ்டர் இன்னைக்கும் ரெண்டு கிலோ டம்பல்தான் தந்தாரு. ரோஸ் கலர். எங்க வீட்டுத் தண்ணி வாளி அதவிடக் கனம். வெயிட் மாட்டித் தூக்குற பெரிய கம்பிய கேட்டேன்.

"வேணாம் தங்கச்சி, கர்ப்பப்பை எறங்கிடும்."

"எங்கம்மா முதுகுல இருபது கிலோ தேயிலைக் கொழுந்தோட மலையேறுறாங்க. அங்க வந்து சொல்லுங்க மாஸ்டர்."

சிரிச்சாரு. பல்லு மட்டும் நல்லா இருக்கு.

ஜூன் 5, வியாழன்

மூட்டம். வேலை பாக்குற பார்மசிக்குப் பத்து நிமிசம் லேட். முதலாளி முறைப்பு.

மாஸ்டர் போன்ல இருந்தாரு. நானே கம்பிய எடுத்தேன். முப்பது கிலோ, அஞ்சு தடவ. ஒண்ணும் எறங்கல. கூட வர்ற ஜெனிட்டா டீச்சர் கதவையே பாத்துக்கிட்டு, "வேணாம்டி, வேணாம்டி."

தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்து அம்மாட்ட சொன்னேன். "தூக்கி, அதே எடத்துல வைக்கவா டவுனுக்குப் போற?"

தொடை வலி. நல்ல வலி.

ஜூன் 10, செவ்வாய்

பொம்பளைங்க நேரத்த நிப்பாட்டியாச்சாம். பையன்களுக்குப் போட்டி வருதாம், காலைலயும் அவங்களுக்குத்தானாம். "நீங்க வீட்லயே செய்யலாமே" - மாஸ்டர்.

"பரவால்லங்க மாஸ்டர்" - ஜெனிட்டா. மத்த ரெண்டும் தலையாட்டுச்சு. படி எறங்கினதும் மூணு பேரும் அவர கிழிச்சாங்க. மேல எங்க போச்சு வாய்?

நானும்தான். வாயத் தொறக்கல. சோறு எறங்கல.

ஜூன் 12, வியாழன்

பார்மசிலருந்து நேரா ஜிம்முக்குப் போனேன். சாயங்காலம், ஆம்பளைங்க நேரத்துல, தனியா. கண்ணாடி முன்னால ஏழெட்டுப் பேர், கைய மடக்கி மடக்கி தன்னத்தானே ரசிச்சுக்கிட்டு. கால் எல்லாம் ஈர்க்குச்சி.

"இது ஆம்பளைங்க நேரம் தங்கச்சி."

"நான் காசு கட்டின மாசம் இன்னும் முடியல மாஸ்டர்."

கம்பியோட சேத்து அம்பது கிலோ. மொத தடவ அசையல. எவனோ சிரிச்சான். இன்னொருத்தன் புடிக்க வந்தான். "தள்ளி நில்லுங்க." குதிகால ஊணி, மூச்சப் புடிச்சு... வந்துருச்சு. நேரா நின்னேன். பாட்டு ஓடுச்சு. சிரிப்பு நின்னுருச்சு.

வெச்சுட்டுத் திரும்பினா மாஸ்டர் கையில போன். படம் எடுத்திருக்காரு. "பேஸ்புக்ல போடட்டா? பொம்பளைங்க நெறைய வருவாங்க."

"எந்த நேரத்துக்கு?"

போன கீழ எறக்கினாரு.

"செவ்வாய் காலைல ஆறு மணிக்கு எங்களுக்குக் கதவு தொறந்தா போடுங்க. இல்லாட்டி அழிங்க."

யோசிச்சாரு. அழிச்சாரு. கதவத் தொறக்கிறதவிட அது லேசு போல.

திரும்பிப் போய் இன்னும் மூணு தடவ தூக்கினேன்.