பெரிட் பனியில் சாகவில்லை

டோர்வல் கவுண்டி,
1979 செப்டம்பர் 9

அன்பு மகள் மார்லிஸுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவுக்கு முதுகுவலி ஒன்றைத் தவிர மற்றபடி நலம், நானும் உடம்பால் நலம், மனசைக் கேட்காதே. அலாஸ்காவில் அதற்குள் குளிர் தொடங்கியிருக்கும், ஐந்தாம் மாதத்தில் நீ பத்திரமாக இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் ஜெபம். கோதுமை அறுவடை முடிந்தது, தக்காளி அத்தனையும் வெடித்துப் போயிற்று, அதெல்லாம் கிடக்கட்டும், உனக்குச் சொல்ல வேண்டிய ஒன்று மூன்று மாதமாக எனக்குள் கிடந்து நாறுகிறது.

நம் மாவட்டத்துக்கு நூறு வயது என்று புத்தகம் போடுகிறார்கள், முதலில் குடியேறிய குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும், ஹௌகன் குடும்பத்துப் பக்கம் என் தலையில் விழுந்தது. குழுவுக்குத் தலைவன் நம் ஆர்டன் மாமாதான். நமக்குத் தெரிந்த கதை என்ன, என் தாத்தா நெல்ஸ் நார்வேயிலிருந்து வந்து புல்மண் கட்டிகளால் வீடு கட்டி நூற்றறுபது ஏக்கரை உழுதார், முதல் மனைவி பெரிட் பனிப்புயலில் மாட்டைத் தேடிப்போய் உறைந்து செத்தாள், அப்போது இரண்டு வயதான என் அப்பாவை வைத்துக்கொண்டு தாத்தா தவியாய்த் தவித்தார், பிறகுதான் மறுகல்யாணம். தேவாலயத்தில் அவர் பெயரில் வண்ணக் கண்ணாடி ஜன்னல்கூட இருக்கிறதே. அவள் இறந்த தேதி மட்டும் வேண்டும் என்று கோர்ட்டுக்குப் போனேன். மரணப் பதிவில் பெயரே இல்லை. பதிவறையில் இருக்கும் லவோன் வேறொரு தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து, "ஆல்மா, நீ மொதல்ல உக்காரு" என்றாள். புத்தி கலங்கியவர்கள் என்று விசாரித்தவர்களின் பதிவுப் புத்தகம் அது.

1889 அக்டோபர், மனு கொடுத்தவர் கணவர். இரண்டாவது குழந்தை பிறந்து இறந்ததிலிருந்து பேசுவதில்லை, வயலில் போய் நிற்கிறாள், ரொட்டி சுடுவதில்லை. ரொட்டி சுடவில்லை என்பதும் நோயாம், மார்லிஸ்! ஒரு டாக்டர், பக்கத்து நிலத்துக்காரர் இரண்டு பேர், ஒரே காலைப்பொழுதில் முடித்து, சாயங்கால ரயிலில் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டார்கள். அடுத்த வசந்தத்தில் நெல்ஸ் தன்னை மனைவியை இழந்தவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மறுகல்யாணம் செய்துகொண்டார். அவள் அந்த ஆஸ்பத்திரியில் நாற்பத்திரண்டு வருஷம் உயிரோடு இருந்தாள்.

நான் அங்கேயும் போனேன். அவளுடைய கோப்பில் பதினோரு கடிதங்கள், எல்லாம் வீட்டுக்குப் போய் 'வேண்டாம்' என்று உறைமேல் எழுதித் திரும்பி வந்தவை, ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. அந்த 'வேண்டாம்' நெல்ஸ் தாத்தாவின் கையெழுத்து, நம் வீட்டு பைபிளில் அதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். ஒன்றைப் பிரித்தேன். எனக்குத் தெரிந்த அரைகுறை நார்வே மொழிக்கே புரிந்தது, பையனுக்குக் காது வலித்தால் வெங்காயத்தைச் சுட்டுத் துணியில் கட்டி வையுங்கள் என்று எழுதியிருந்தாள்.

இதை அப்படியே எழுதி ஆர்டனிடம் கொடுத்தேன். நம் சமையலறையில் உட்கார்ந்து நான் சுட்ட கேக்கைத் தின்றுகொண்டே படித்தான். "விசேஷ நேரத்துல ஏன் ஆல்மா சாக்கடையைத் தொறக்கிற? அந்தக் காலத்துல ஊரே செஞ்சதுதானே. நெலமும் சின்னக் கொழந்தையும் வச்சுக்கிட்டு அந்த மனுஷன் என்ன பண்ணுவாரு, பாவம்" என்றான். பாவம் யாருக்கு என்று பார்! வாயில் வைக்கப்போன துண்டோடு தட்டைப் பிடுங்கி நாய்க்கு வைத்தேன். போன வாரம் புத்தகம் வந்துவிட்டது. பெரிட் பனிப்புயலில் மறைந்தாள் என்றே போட்டிருக்கிறான், கீழே எழுதியவர் என்று என் பெயர். அந்தப் பக்கத்தைத் தொட்டால் கை கழுவத் தோன்றுகிறது.

முதியோர் இல்லத்தில் உன் தாத்தாவுக்கு, அதான் என் அப்பாவுக்கு, யாராவது அந்தப் பொய்யை வாசித்துக் காட்டிவிடுவார்கள், அதற்கு முன் உண்மையை நானே சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பினேன். உன் அப்பா, "தொண்ணூத்திரண்டு வயசு, நிம்மதியாப் போகட்டும் விடு" என்று தடுத்தார், கேட்கவில்லை. தாத்தா கண்ணை மூடியபடி முழுதும் கேட்டார். "அந்த ஆஸ்பத்திரி வேலி ஓரமாத்தான் வருஷா வருஷம் மாட்டை ஓட்டிக்கிட்டுச் சந்தைக்குப் போவோம். உள்ள பொம்பளைங்க நின்னு பாப்பாங்க. நான் தொப்பியைத் தூக்கிக் காட்டுவேன்" என்றார். பிறகு, "என்னை அந்த ஆளு பக்கத்துல பொதைக்காதே" என்றார். நெல்ஸின் கல்லறைக் கல்லில் அவர் பெயரையும் ஏற்கெனவே வெட்டி வைத்திருக்கிறார்கள். இருக்கட்டும்.

ஆஸ்பத்திரி இடுகாட்டில் அவளுக்குப் பெயர் கிடையாது, 417 என்ற எண்தான். தோண்டி எடுத்துவர அனுமதி வாங்கிவிட்டேன், உன் தாத்தா கையெழுத்துப் போட்டார். அக்டோபர் ஆறாம் தேதி சனிக்கிழமை அழைத்து வருகிறோம், தேவாலயத்துக்கு வடக்கே இரண்டு பேருக்கு இடம். ஹௌகன்கள் யாரும் வரமாட்டார்கள் என்று ஆர்டன் சொல்லி அனுப்பினான். வராமல் இருந்தால் ரொம்ப நல்லது என்று திருப்பிச் சொல்லி அனுப்பினேன்.

நீ வயிற்றோடு அலைய வேண்டாம், பால் குடி, ஐஸில் பார்த்து நட. கர்த்தர் உன்னையும் உள்ளே இருப்பதையும் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. பிள்ளை பிறந்த பிறகு உனக்கு ஒன்றுமே பிடிக்காமல் போனால், யாரோடும் பேச வராமல் போனால், போனைப் போட்டு மூச்சு மட்டும் விடு. நீதான் என்று எனக்குத் தெரியும், புறப்பட்டு வந்துவிடுவேன்.

உன் அம்மா,
ஆல்மா